வாகன ரிப்பீட்டரும் அதன் விருப்ப வசதிகளும்

வாகன ரிப்பீட்டர் என்பது காவல், தீயணைப்பு, அவசர மருத்துவ ஊர்திகளில் பொருத்தப்படும் ஒரு வயர்லெஸ் கருவி ஆகும். தமிழில் இதனை மறுபரப்பி என்றும் கூறலாம். வண்டியை விட்டு இறங்கிச் சென்றவரின் வாக்கி-டாக்கியிலிருந்து வரும் வலுக்குறைந்த சைகையை இது வாங்குகிறது. வண்டியிலுள்ள வலுவான வயர்லெஸ் வழியாக அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வரும் பதிலை அதே வழியில் வாக்கி-டாக்கிக்குத் திருப்பித் தருகிறது.

அடிப்படை வேலை இவ்வளவுதான். ஆனால் இக்கருவியை நிறுவுபவர் தேர்ந்து அமைக்க வேண்டிய பல வசதிகள் இதில் உள்ளன. கையேடுகளில் இவற்றுக்கு ‘விருப்ப வசதிகள்’ என்று பெயர். பெயரைப் பார்த்து, இவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்தில் இருப்பவர் பேசும் சொல் வெளியே போய்ச் சேருமா என்பதைப் பல நேரங்களில் இவையே முடிவு செய்கின்றன. இக்கருவிகள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதன்மையான வசதிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

தேவை

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கியின் அனுப்புதிறன் பொதுவாக 5 வாட் அளவில் இருக்கும். அதன் ஆன்டெனா குட்டையானது. உடலை ஒட்டியே இருப்பதால் ஆற்றலின் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடுகிறது. வண்டியிலுள்ள வயர்லெஸ் 50 வாட், சில அமைப்புகளில் 100 வாட் வரை அனுப்பும். அதன் ஆன்டெனா வண்டியின் உலோகக் கூரைமேல் நிற்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வினால் ஓர் ஆபத்து உண்டாகிறது. கோபுரத்திலிருந்து வரும் சைகை வலுவானது என்பதால், கட்டடத்துக்குள் நிற்பவருக்குக் கட்டுப்பாட்டு அறையின் குரல் தெளிவாகக் கேட்கும். அவருடைய குரல் மட்டும் கோபுரத்தை எட்டாது. தமக்குக் கேட்பதால், தாம் பேசுவதும் அங்கே கேட்கிறது என்று அவர் நம்பிவிடுவார். வாசலில் நிற்கும் வண்டியில் ரிப்பீட்டர் இருந்தால், அவருடைய 5 வாட் சைகை சில நூறு மீட்டர் போனால் போதும்.

மற்றொரு தேவை ஆன்டெனாவின் நீளம் பற்றியது. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் படை, மலைகளும் நெடுந்தொலைவுகளும் கொண்ட தன் மாநிலத்துக்காக 40 மெகாஹெர்ட்சை ஒட்டிய குறைந்த அதிர்வெண்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. இவ்வலைகள் மேடுபள்ளங்களைக் கடந்து தொலைவு செல்லக்கூடியவை. ஆனால் 42 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதற்கான கால் அலை ஆன்டெனா 1.8 மீட்டர் இருக்க வேண்டும். அவ்வளவு நீளக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் நடமாட முடியாது. எனவே காவலரின் கைக்கருவி வேறோர் உயர் அதிர்வெண்ணில் வண்டியுடன் பேசுகிறது. வண்டி அதைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்புகிறது. அங்கே இக்கருவியை ‘எக்ஸ்டெண்டர்’, அதாவது நீட்டிப்பான், என்று அழைப்பர்.

இயங்கும் முறை

வண்டியில் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, கோபுரத்துடன் பேசும் வாகன வயர்லெஸ். மற்றொன்று, வாக்கி-டாக்கியுடன் பேசும் ரிப்பீட்டர். இரண்டையும் ஒரு கம்பிவடம் இணைக்கிறது. ஒன்று கேட்கும் ஒலியை மற்றொன்று அனுப்புகிறது.

பல அமைப்புகளில் வாக்கி-டாக்கிக்கும் வண்டிக்கும் இடையில் ஒரே அதிர்வெண்தான் இருக்கும். ஒரே அதிர்வெண்ணில் அனுப்பிக்கொண்டே கேட்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே பேச்சு செல்லும். பின்வரும் வசதிகள் சில இந்தக் கட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காகவே உருவானவை.

அமைப்புகளைக் கணினி மென்பொருள் கொண்டு எழுதி, கம்பிவடம் வழியாகக் கருவியில் ஏற்றுவர். ஆலையிலிருந்து வரும்போது ஒவ்வொரு வசதிக்கும் ஒரு தொடக்க மதிப்பு இருக்கும். அது எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான மதிப்பு. ஒரு குறிப்பிட்ட நகரின் கட்டடங்களையோ வண்டிகளின் எண்ணிக்கையையோ கருதி இடப்பட்டதன்று.

அணுகல் ஒலி

ரிப்பீட்டர் எந்தச் சைகை வந்தாலும் எடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் அயலார் பேச்சும், மின்கருவிகளின் இரைச்சலும் காவல் துறை அலைவரிசையில் ஏறிவிடும். இதைத் தடுப்பதற்குப் பேச்சுடன் சேர்த்து ஒரு தாழ்ந்த ஒலி தொடர்ந்து அனுப்பப்படுகிறது. அந்த ஒலி இருந்தால்தான் ரிப்பீட்டர் கதவு திறக்கும்.

இம்முறைக்கு சிடிசிஎஸ்எஸ் என்று பெயர். வழக்கமான ஒலிகள் 67.0 ஹெர்ட்சு முதல் 254.1 ஹெர்ட்சு வரை உள்ளன. பேச்சுக்குப் பயன்படுவது ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்சு வரையிலான பகுதி. ஆகவே கேட்பவர் காதுக்கு எட்டாதபடி அணுகல் ஒலியை வடிகட்டிவிட முடிகிறது. ஒலிக்குப் பதிலாக நொடிக்கு 134.4 துடிப்புகள் வீதம் ஓர் எண் குறியீட்டை அனுப்பும் முறையும் உண்டு. அது டிசிஎஸ் எனப்படும்.

அமெரிக்காவில் இது வெறும் வசதிக்காக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அன்று. அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதித்தொகுப்பில், 90ஆம் பகுதியின் 90.247ஆம் விதி வாகன ரிப்பீட்டர்களைப் பற்றியது. கைக்கருவியின் பேச்சைத் தானாக மறுபரப்பும் வாகனக் கருவி, தொடர்ச்சியான அணுகல் சைகை இருக்கும்வரை மட்டுமே இயங்க வேண்டும். சைகை நின்றதும் அணைய வேண்டும் என்று அது கூறுகிறது. அப்படி இல்லையெனில், தானியங்கு நிலையைத் தொடங்கும் ஒரு சுவிட்சும், இடைவிடாத அனுப்புதல் 3 நிமிடத்தைத் தாண்டினால் அனுப்பியை அணைக்கும் நேரங்காட்டியும் இருக்க வேண்டும்.

நேர வரம்பு

வாக்கி-டாக்கியின் பேசும் பொத்தான் இருக்கைக்கு அடியில் சிக்கி அழுந்திவிடுவது நடக்கக்கூடியதே. அப்போது அந்த ஒரு கருவி, ரிப்பீட்டர் வழியாக நகரம் முழுவதன் அலைவரிசையையும் அடைத்துவிடும். வேறொருவர் உதவி கேட்டாலும் கேட்காது. நேர வரம்பு இதற்கான காப்பு: குறித்த நொடிகளுக்கு மேல் தொடர்ந்து அனுப்பினால் கருவி தானே நின்றுவிடும்.

இங்கே வரிசை முக்கியம். வாக்கி-டாக்கியிலும் ஒரு நேர வரம்பு உண்டு, ரிப்பீட்டரிலும் உண்டு, கோபுரத்திலும் உண்டு. வாக்கி-டாக்கியின் வரம்பே மிகக் குறைவாக இருக்க வேண்டும். கைக்கருவி தானே நின்றால் எச்சரிக்கை ஒலி எழும், பேசுபவர் புரிந்துகொள்வார். ரிப்பீட்டர் முதலில் நின்றுவிட்டால் கையிலுள்ள கருவிக்கு அது தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்; கேட்பவர் எவரும் இருக்க மாட்டார்கள். எடுத்துக்காட்டாக, வாக்கி-டாக்கிக்கு 60 நொடி, ரிப்பீட்டருக்கு 90 நொடி, கோபுரத்துக்கு 120 நொடி என்று படிப்படியாக ஏற்றி அமைக்கலாம்.

முதல் சொல் வெட்டுப்படுதல்

பொத்தானை அழுத்தியவுடன் பேச்சுப் பாதை முழுவதும் திறந்துவிடுவதில்லை. ரிப்பீட்டர் அணுகல் ஒலியை உணர வேண்டும். பின்பு வாகன வயர்லெஸ் அனுப்பத் தொடங்க வேண்டும். பின்பு கோபுரம் அதை உணர வேண்டும். ஒவ்வொரு படியிலும் நொடியின் ஒரு பகுதி கழிகிறது. அணுகல் ஒலி எவ்வளவு தாழ்வாக உள்ளதோ அவ்வளவு தாமதம் கூடும். 67 ஹெர்ட்சு ஒலியில் ஓர் அலை முடிய ஏறத்தாழ 15 மில்லிநொடி ஆகிறது, 254.1 ஹெர்ட்சில் 4 மில்லிநொடி போதும். கருவி பல அலைகளை எண்ணிப் பார்த்துத்தான் ஒலியை உறுதி செய்கிறது.

இந்த இடைவெளியில் பேசிய சொல் தொலைந்துவிடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் கட்டளையின் முன்னால் வருகிறது. ‘சுடாதே’ என்ற பொருள்படும் ஆங்கிலக் கட்டளையின் முதல் சொல் வெட்டுப்பட்டால், எஞ்சுவது ‘சுடு’ என்பதே. தமிழில் நிலைமை தலைகீழ். ‘உள்ளே போக வேண்டாம்’ என்பதில் மறுப்பு இறுதியில் உள்ளது. பொத்தானைச் சற்று முன்னதாக விட்டுவிட்டால் ‘உள்ளே போக’ என்பது மட்டும் எட்டும்.

இதற்கு உதவும் வசதி ‘பேச அனுமதி ஒலி’. பொத்தானை அழுத்தியதும் ஒரு சிற்றொலி கேட்கும். அதன் பிறகே பேச வேண்டும். இதை அமைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாக்கி-டாக்கி அனுப்பத் தொடங்கியதும் ஒலி எழுமாறு வைத்தால் பயனில்லை. வண்டியும் கோபுரமும் தயாராகும் அளவுக்குத் தாமதித்து ஒலி எழ வேண்டும். இவ்வசதி இல்லாத கருவிகளில், அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுவதைப் பயிற்சியில் பழக்க வேண்டும்.

பேச்சு முடிந்த பின் அனுப்பி சிறிது நேரம் நீடிப்பது ‘வால் நேரம்’ எனப்படும். நடுவில் சைகை ஓர் இமைப்பொழுது மங்கினாலும் பாதை அறுந்துபோகாமல் இது காக்கிறது. இதை நீளமாக வைத்தால், அடுத்தவர் பேச வழி கிடைக்கத் தாமதமாகும்.

இடைமறித்துக் கேட்டல்

கட்டுப்பாட்டு அறை நீண்ட செய்தி ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறது. வண்டியிலுள்ள ரிப்பீட்டர் அதை வாக்கி-டாக்கிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் இருப்பவர் ‘உதவி’ என்று கூப்பிட்டால், ஒற்றை அதிர்வெண் அமைப்பில் ரிப்பீட்டர் அவரைக் கேட்காது.

இதற்குத் தீர்வாக மாதிரி கேட்கும் வசதி வைக்கப்பட்டுள்ளது. ரிப்பீட்டர் அனுப்பும்போதே குறித்த இடைவெளிகளில் ஒரு கணம் நிறுத்தி, வாக்கி-டாக்கியின் அணுகல் ஒலி வருகிறதா என்று பார்க்கும். வந்தால் தன் அனுப்புதலை நிறுத்தி அவருக்கு வழிவிடும். வராவிட்டால் தொடரும். இதனால் கேட்பவர் காதில் பேச்சு இடையிடையே சற்று விட்டுவிட்டு ஒலிக்கும். அந்தத் தொந்தரவு பிடிக்காமல் சிலர் இவ்வசதியை அணைத்துவிடுவர். தெளிவான ஒலிக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்தே அம்முடிவை எடுக்க வேண்டும்.

பல வண்டிகள் கூடும்போது

ஒரு வண்டியில் சரியாக இயங்கும் ரிப்பீட்டர், ஐந்து வண்டிகள் கூடும் இடத்தில் பெருங்குழப்பத்தை உண்டாக்கலாம். ஒரே வாக்கி-டாக்கியின் பேச்சை ஐந்து ரிப்பீட்டர்களும் எடுத்து, ஐந்து வாகன வயர்லெஸ்களும் ஒரே நேரத்தில் அனுப்பும். அவற்றின் அதிர்வெண்கள் நூலளவு வேறுபடுவதால், கோபுரத்தில் பேச்சுக்குப் பதிலாகக் கீச்சொலியே கேட்கும்.

இதைத் தவிர்ப்பது முன்னுரிமை வரிசை. ஒரு வகை ஏற்பாட்டில் ஒவ்வொரு ரிப்பீட்டருக்குள்ளும் ஓர் எண்ணி உள்ளது. புதிய வண்டி ஒன்று வந்து தன் ரிப்பீட்டரை இயக்கும்போது ஒரு குறுகிய ஒலியை அனுப்புகிறது. அதைக் கேட்ட பிற ரிப்பீட்டர்கள் தம் எண்ணைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. முதல் எண் பெற்றது மட்டும் மறுபரப்பும், மற்றவை காத்திருக்கும். முதல் எண் வண்டி கிளம்பிப் போய்விட்டால், வாக்கி-டாக்கியின் அழைப்பை எவரும் எடுக்கவில்லை என்று உணர்ந்து அடுத்தது பொறுப்பேற்கும்.

இவ்வேற்பாடு எல்லா வண்டிகளிலும் ஒரே மாதிரி அமைந்தால்தான் பயன்படும். ஒரு வண்டியில் மட்டும் முன்னுரிமை அணைந்திருந்தால், அது ஒன்றே மற்ற அனைத்தையும் குழப்பிவிடும். பக்கத்து ஊரிலிருந்து உதவிக்கு வரும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். மேலும், கட்டடத்தின் இரு பக்கங்களில் நிற்கும் வண்டிகள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் போனால், இரண்டுமே தாம்தான் முதல் என்று எண்ணிக்கொள்ளும். அத்தகைய இடங்களில் ஒரு வண்டியின் ரிப்பீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கையால் அணைக்கும் அதிகாரத்தைக் களத் தலைமைக்கு அளிக்க வேண்டும்.

இயக்கமும் மின்கலமும்

ரிப்பீட்டரை இயக்குவது யார்? ஓட்டுநர் ஒரு சுவிட்சை அழுத்துவது ஒரு முறை. வண்டியிலுள்ள தாங்கியிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்தவுடன் தானாக இயங்குவது மற்றொரு முறை. அவசரத்தில் இறங்கி ஓடுபவர் சுவிட்சை மறந்துவிடலாம் என்பதால் தானியங்கு முறை பாதுகாப்பானது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ரிப்பீட்டர் இயங்கினால், போகிற வழியில் எல்லாம் பிறருடைய பேச்சைக் கெடுக்கும். திரும்பி வந்து தாங்கியில் வைத்ததும் அணையுமாறு அமைப்பது இதனால்தான்.

மின்கலமும் கணக்கில் வர வேண்டும். 50 வாட் வயர்லெஸ் அனுப்பும்போது 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். இயந்திரத்தை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் மறுபரப்பினால் வண்டி மீண்டும் கிளம்பாது. சாவியை எடுத்ததும் ரிப்பீட்டர் அணையும்படி வைத்தால் மின்கலம் பிழைக்கும். உள்ளே இருப்பவர் தொடர்பை இழப்பார். இரண்டுக்கும் நடுவே, சாவியை எடுத்த பின் குறித்த நேரம் இயங்கி அணையும் வசதி சில கருவிகளில் உண்டு. அந்த நேரத்தைப் பணியின் வழக்கமான நீளத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும்.

ஒலி அளவு

ரிப்பீட்டர் வழியே செல்லும் பேச்சு இரு முறை அனுப்பப்படுகிறது. ஒலி அளவு சிறிது தவறினாலும் குரல் மெலிந்தோ கரகரத்தோ போகும். அமெரிக்காவில் 150–174, 421–470 மெகாஹெர்ட்சுப் பகுதிகளில் நிலவழி வயர்லெஸ்கள் 2013 ஜனவரி 1-க்குள் 12.5 கிலோஹெர்ட்சு அகலத்துக்குக் குறுக வேண்டியிருந்தது. அதன்படி அதிர்வெண் விலகலின் உச்ச அளவு 5 கிலோஹெர்ட்சிலிருந்து 2.5 கிலோஹெர்ட்சாகக் குறைந்தது. ஒரு பக்கம் பழைய அளவிலும் மறுபக்கம் புதிய அளவிலும் இருந்தால் பேச்சு உடைந்து கேட்கும். சோதனைக்கு 1000 ஹெர்ட்சு ஒலியை 1.5 கிலோஹெர்ட்சு விலகலில் உள்ளே செலுத்தி, வெளியேயும் அதே 1.5 வருமாறு சரிசெய்வது வழக்கம்.

அவசரப் பொத்தானும் அடையாள எண்ணும்

வாக்கி-டாக்கியிலுள்ள அவசரப் பொத்தானை அழுத்தினால், அழுத்தியவரின் அடையாள எண் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிய வேண்டும். ரிப்பீட்டர் நடுவில் நிற்கும்போது இது தானாக நடக்காது. குரலை மட்டும் கடத்தி, எண்ணை விட்டுவிடும் அமைப்பும் உண்டு. கைக்கருவியின் எண்ணுக்குப் பதிலாக வண்டியின் எண்ணைக் காட்டும் அமைப்பும் உண்டு. வண்டி வாசலில் நிற்கிறது என்பது தெரிந்தும், உள்ளே விழுந்து கிடப்பவர் யார் என்பது தெரியாமல் போகும். கருவி இடம் தருமானால் எண்ணைக் கடத்தும் வசதியை இயக்கி, திரையில் எந்த எண் வருகிறது என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பொத்தானின் பாடம்

ரிப்பீட்டரின் ஓர் அமைப்பு எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதற்கு நியூயார்க் உலக வணிக மையம் சான்றாக உள்ளது. அங்கிருந்தது வாகன ரிப்பீட்டர் அன்று. கட்டடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டது. 1993 குண்டுவெடிப்புக்குப் பின்னர், உயர்ந்த கோபுரங்களுக்குள் தீயணைப்பாளர்களின் வாக்கி-டாக்கி எட்டவேண்டும் என்பதற்காக அது நிறுவப்பட்டது.

2001 செப்டம்பர் 11 காலையில் நடந்ததை, அமெரிக்க அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கை விளக்குகிறது. வடக்குக் கோபுரத்தில் இருந்த இயக்குபலகையில் ரிப்பீட்டரைத் தொடங்கும் ஒரு பொத்தான் 8.54 மணிக்கு அழுத்தப்பட்டது. வாக்கி-டாக்கிகளுக்கு இடையே அதன் வழி பேச முடிந்தது. ஆனால் முதன்மைக் கைப்பிடியிலிருந்து பேச இரண்டாவது பொத்தான் ஒன்றையும் அழுத்த வேண்டும்; அது அழுத்தப்படவில்லை. அங்கிருந்த தலைமை அலுவலர்கள் சோதித்துப் பார்த்தபோது அக்கைப்பிடியில் அனுப்பவும் முடியவில்லை, கேட்கவும் இல்லை. எனவே ரிப்பீட்டர் கெட்டுவிட்டது என்று கருதி, வடக்குக் கோபுரத்தில் அதைப் பயன்படுத்தாமல் விட்டனர். உண்மையில் அது ஓரளவு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. தெற்குக் கோபுரத்தில் தீயணைப்பாளர்கள் அதைப் பயன்படுத்தினர்.

அன்று 343 நியூயார்க் தீயணைப்புத் துறையினர் இறந்தனர். அத்துயரத்துக்கு இந்தப் பொத்தானே காரணம் என்று கூற இயலாது. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. ஆயினும் கருவி இருந்தும், அது எந்த நிலையில் உள்ளது என்பது பயன்படுத்துபவருக்குப் புலப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அமைக்கும் வரிசை

மேற்கூறியவற்றைக் கொண்டு, நடைமுறையில் பின்பற்றத்தக்க வரிசையைக் கீழ்க்காணுமாறு தொகுக்கலாம்.

1. முதலில் தாளில் எழுத வேண்டும். அதிர்வெண்கள், அணுகல் ஒலிகள், மூன்று நேர வரம்புகள், முன்னுரிமை முறை, இயங்கும் முறை, அணையும் நேரம் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். எதற்காக அந்த மதிப்பு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரி எழுதுவது நல்லது.

2. கருவியில் ஏற்கெனவே உள்ள அமைப்பைக் கணினியில் சேமித்த பின்னரே புதியதை ஏற்ற வேண்டும்.

3. ஒரு வண்டியில் மட்டும் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஒருவர் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போய் எண்களைச் சொல்ல, மற்றவர் கட்டுப்பாட்டு அறையில் கேட்டு எழுத வேண்டும். முதல் எண் விடுபட்டால் தாமதம் போதவில்லை என்று பொருள்.

4. பொத்தானை அழுத்தியபடியே வைத்து, எந்தக் கருவி முதலில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

5. பின்பு மூன்று வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தி முன்னுரிமையைச் சோதிக்க வேண்டும். முதல் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டு, அடுத்தது பொறுப்பேற்கிறதா என்று காண வேண்டும்.

6. எல்லாம் சரியான பின், அதே அமைப்பைத் துறையின் அனைத்து வண்டிகளிலும் ஏற்ற வேண்டும்.

ரிப்பீட்டர் இயங்குகிறதா என்பதைக் காட்டும் விளக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் இடத்தில் இருத்தல் நலம். அந்த விளக்கின் பொருளை வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அமைப்பை எழுதிய தொழில்நுட்பர் தீ எரியும் இடத்துக்கு வரமாட்டார். அங்கே இருப்பவர் கையில் வாக்கி-டாக்கி மட்டுமே இருக்கும்.